அத்தை வீட்டு பால்கனியும் ஒரு கையெழுத்தும்

முதல்லயே சொல்லிடறேன். நான் எல்.கே.ஜி.யிலிருந்து இங்கிலீஷ் மீடியம். ஒற்றுப்பிழை இருந்தா எடிட்டர் தம்பியைக் கேளுங்க, அவன்தான் "அக்கா, நீங்க பேசுற மாதிரியே எழுதுங்க, போதும்"னு சொல்லி மாட்டிவிட்டான்.

போன வருஷம் மே மாசம். ஆறாவது செமஸ்டர் எக்ஸாம் முடிஞ்சு ஊருக்குப் போன மறுநாள் காலையிலேயே அத்தை வந்துட்டாங்க. கையில ஒரு மஞ்சப்பை. அதுக்குள்ள பத்திரம், பட்டா, வரி ரசீது, நகைக்கடன் ரசீது எல்லாம் ஒண்ணா மடிச்சு ரப்பர் பேண்டு போட்டிருந்தது.

"மருமகளே, வீடு கட்டப் போறேன். கீழே என் தையல் கடை, மேலே வீடு. நீ இருக்கையில வெளியாளுக்கு எதுக்கு நான் காசு கொடுக்கணும்?"

எங்க ஊர் மதுரையிலிருந்து பஸ்ல ஒன்றரை மணி நேரம். நகராட்சிதான், ஆனா சிக்னல் கிடையாது. எங்க குடும்பத்துல முதல் இன்ஜினியர் நான்தான். இன்னும் ஆகலைன்னு எத்தனை தடவை சொன்னாலும் யாரும் காதுல போட்டுக்கிறதில்லை. அத்தை 22 வருஷமா பிளவுஸ் தைச்சு சேர்த்த காசு, மாமா லாரி ஓட்டி அனுப்புற காசு, அதுக்கு மேல நகைக்கடன். இதுல இருந்து 10 ரூபாய் மிச்சம் பிடிச்சுக் கொடுத்தாலும் சந்தோஷம்தானே. நான் உடனே சரின்னுட்டேன். உண்மையைச் சொன்னா, அத்தைக்காக மட்டும் இல்லை. கிளாஸ்ல போட்ட டிராயிங் எல்லாம் ரெக்கார்டு நோட்டோட முடிஞ்சிடும். நான் வரைஞ்ச ஒண்ணு நிஜமா எழும்பி நிக்கப் போகுதுன்னா சும்மாவா?

இடம் 1,200 சதுர அடி. ரெண்டு வாரம் உக்காந்து ஆட்டோகேட்ல வரைஞ்சேன். கிழக்குப் பார்த்த வாசல், உள்ள படிக்கட்டு, மேல முன்பக்கம் 12 அடி நீளத்துல 3 அடி வெளியே நீட்டின பால்கனி. பால்கனி வேணும்னு கேட்டது அத்தை. வடகம் காயப் போடணுமாம், சாயந்திரம் அங்க உக்காந்து பித்தான் தைக்கணுமாம்.

பிரிண்ட் எடுத்துக்கிட்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். அங்க இருந்தவர் பேப்பரைத் திருப்பிக்கூடப் பார்க்கலை. "லைசென்ஸ் இன்ஜினியர் கையெழுத்து எங்கம்மா?"

"நான் சிவில்தான் சார் படிக்கிறேன்."

"படிங்க."

அவ்வளவுதான் பதில்.

அன்னிக்கு ராத்திரிதான் முதல் தடவையா ஒழுங்கா தேடிப் படிச்சேன். சிவில் மூணு வருஷம் முடிச்சாச்சு, நம்ம கையெழுத்து எப்ப செல்லும்னு ஒரு சப்ஜெக்ட்லயும் யாரும் சொல்லலை. நானும் கேட்கலை. நம்ம நாட்டுல ஆர்க்கிடெக்ட்டுகளுக்கு 1972-லயே தனிச் சட்டம் வந்தாச்சு. கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர்ல பதிவு பண்ணாம ஒருத்தர் ஆர்க்கிடெக்ட்னு போட்டுக்க முடியாது. இன்ஜினியருக்கு அப்படி நாடு முழுக்க ஒரே சட்டம் கிடையாது. யார் வேணும்னாலும் பேருக்கு முன்னாடி "இ.ஆர்."னு போட்டு பைக்ல ஸ்டிக்கர் ஒட்டிக்கலாம், நம்ம பசங்க ஃபர்ஸ்ட் இயர்லயே ஒட்டுறாங்க. ஆனா கட்டிட அனுமதிக்குக் கையெழுத்துப் போடணும்னா கதை வேற. தமிழ்நாட்டுல ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள்னு 2019-ல வந்தது. அதுல பதிவுபெற்ற பொறியாளர், கட்டமைப்புப் பொறியாளர்னு தனித்தனியா பதிவு இருக்கு. வெறும் டிகிரி சர்டிபிகேட்டைக் காட்டி எல்லாத்தையும் வாங்கிட முடியாது. தேசிய கட்டிட விதித்தொகுப்புல ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியருக்குக் குறைஞ்சது 3 வருஷ அனுபவம் கேட்குது. எம்.இ. ஸ்ட்ரக்சர்ஸ் முடிச்சிருந்தா 2 வருஷம். அதாவது நான் அடுத்த வருஷம் பட்டம் வாங்கினாலும் அதுக்கப்புறம் மூணு தீபாவளி காத்திருக்கணும்.

2024 ஜூலையில வந்த சுயசான்று முறையையும் பார்த்தேன். 2,500 சதுர அடி வரைக்கும் உள்ள மனையில, 3,500 சதுர அடிக்குள்ள வீடு கட்டினா ஆன்லைன்லயே உடனடி அனுமதி. ஆனா அது குடியிருப்புக்கு மட்டும். கீழே தையல் கடை வந்ததால அத்தைக்கு அந்த வழி இல்லை.

எங்க ஊர் நகராட்சி அலுவலகத்துக்கு எதிர்ல ஒரு வரிசை இருக்கு. ஜெராக்ஸ் கடை, பத்திரம் எழுதுறவர், டீக்கடை, அப்புறம் மாடிப்படி ஏறினா "பிளான், எஸ்டிமேட், அப்ரூவல்"னு போர்டு போட்ட ஒரு சின்ன ரூம். அங்கதான் அந்த சார் இருந்தார். ஐம்பத்தஞ்சு வயசு இருக்கும். அத்தை பிளவுஸ் தைக்கிற அம்மா ஒருத்தங்க மூலமா அறிமுகம். அவர் பேர் வேண்டாம்.

8,000 ரூபாய். மூணு நிமிஷம். ஷீட்டைப் பிரிச்சார், "நல்லா வரைஞ்சிருக்கம்மா"ன்னார், டிராயர்ல இருந்து ரப்பர் ஸ்டாம்பை எடுத்தார், மை பேட்ல ரெண்டு தட்டு தட்டினார், ஒவ்வொரு காப்பியிலயும் குத்திக் கையெழுத்துப் போட்டார். பால்கனியைப் பார்க்கலை. காலத்தைப் பார்க்கலை. மண் எப்படின்னு கேட்கலை. கூடவே ஒரு உறுதிமொழிப் பேப்பர், வேலை நடக்கும்போது மேற்பார்வை பார்ப்பேன்னு. அதுலயும் கையெழுத்து.

கீழே இறங்கி வரும்போது எனக்குக் கோபமா பொறாமையான்னு தெரியலை. அத்தை டீ வாங்கிக் கொடுத்தாங்க. "மூணு நிமிஷத்துக்கு எட்டாயிரமா? நான் எட்டாயிரத்துக்கு எத்தனை பிளவுஸ் தைக்கணும் தெரியுமா? சீக்கிரம் நீயும் ஒரு ஸ்டாம்பு செஞ்சுக்கடி"ன்னாங்க. எனக்கும் அன்னிக்கு அதேதான் தோணுச்சு.

அனுமதி வந்து வேலை ஆரம்பிச்சாங்க. நான் காலேஜுக்குத் திரும்பிட்டேன். அத்தை வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்புவாங்க, பாதிப் படத்துல அவங்க விரல்தான் இருக்கும். டிசம்பர் லீவுக்கு நான் போனப்ப மேல் தளம் தயார். அதாவது கீழ் கடைக்குக் கூரை, மேல் வீட்டுக்குத் தரை. பால்கனியும் அதோட சேர்ந்ததுதான். மறுநாள் காலை ஆறு மணிக்கு காங்கிரீட். மிக்சர் மெஷினுக்கும் ஆளுங்களுக்கும் அட்வான்ஸ் கொடுத்தாச்சு.

சாயந்திரம் நாலு மணிக்கு சும்மா பார்க்கலாம்னு ஏணியில ஏறினேன். சென்ட்ரிங் பலகை மேல கம்பி கட்டி முடிச்சிருந்தாங்க, அழகா வரிசையா. நடந்து முன்பக்கம் போனேன். பால்கனியில உள் ஸ்லாபோட கம்பி அப்படியே நீண்டு வந்து, கவர் பிளாக் மேல, கீழ்மட்டத்துலயே கிடந்தது. மேல ஒண்ணும் இல்லை.

மத்த டிபார்ட்மென்ட் மக்களுக்காக ஒரு நிமிஷம். காங்கிரீட் அமுக்கினா தாங்கும், இழுத்தா தாங்காது. இழுக்கிற பக்கத்துல கம்பி வைக்கிறது அதுக்குத்தான். ரெண்டு பக்கமும் சுவர் இருக்கிற ஸ்லாப் நடுவுல தொங்கப் பார்க்கும், அதனால அடிப்பக்கம் இழுபடும், கம்பி அடியில. பால்கனிக்கு ஒரு பக்கம்தான் பிடிமானம். நுனி கீழே சாயப் பார்க்கும், மேல்பக்கம் இழுபடும். கம்பி மேல இருக்கணும், அதுவும் உள்ள ஸ்லாபுக்குள்ள நல்லா நீளமா போய்ப் பிடிச்சிருக்கணும். அடியில எவ்வளவு இரும்பைக் கொட்டினாலும் பால்கனிக்கு அது சும்மா. எங்களுக்கு இது ரெண்டு மார்க் கேள்வி.

மேஸ்திரிகிட்ட சொன்னேன். அவர் பீடியை அணைச்சுட்டு ரொம்ப பொறுமையாத்தான் பேசினார்.

"பாப்பா, நான் முப்பது வருஷமா சன்ஷேடு போடுறேன். ஒண்ணு விழுந்திருக்கா?"

"சன்ஷேடு ரெண்டு அடிண்ணே. அது மேல யாரும் நிக்கிறதில்லை. இது மூணடி, நுனியில கைப்பிடிச் சுவர் வேற வருது."

"பிளான்ல எப்படி இருக்கோ அப்படித்தான் கட்டியிருக்கு."

பிளானை வாங்கிப் பார்த்தேன். இந்த இடத்தை எழுதலாமா வேண்டாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். நான் போட்ட செக்‌ஷன் 1:100 அளவுல இருக்கு. 5 இன்ச் ஸ்லாப் அந்தப் பேப்பர்ல ஒண்ணேகால் மில்லிமீட்டர். அதுக்குள்ள நான் கம்பின்னு ஒரு கோடு போட்டிருக்கேன். பிரிண்ட்ல அது மேல இருக்கா கீழ இருக்கான்னு எனக்கே தெரியலை. கம்பிக்குத் தனி ஷீட் நான் போடவே இல்லை. ஒரு சீனியர் ப்ராஜெக்ட்ல இருந்து பொதுவான டீட்டெய்ல் ஒண்ணைக் காப்பி பண்ணி ஓரத்துல ஒட்டியிருந்தேன், அதுல பால்கனியே கிடையாது. மூணு நிமிஷத்துல கையெழுத்துப் போட்டார்னு அந்த சாரைத் திட்டினேனே, மூணு நிமிஷம் ஒருத்தர் ஒழுங்கா பார்த்திருந்தா முதல்ல மாட்டியிருக்கிறது நான்தான்.

அத்தை கீழே இருந்து கேட்டாங்க, "என்னடி, ஏதும் பிரச்சனையா?" நானும் மேஸ்திரியும் ஒரே நேரத்துல "ஒண்ணுமில்லை"ன்னோம்.

சாருக்குப் போன் போட்டேன். நாலாவது தடவை எடுத்தார். பின்னாடி நாதஸ்வரம். ஏதோ கல்யாணத்துல இருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"மேஸ்திரி பழைய ஆளும்மா, பார்த்துப்பார்."

"சார், கம்பி அடியில இருக்கு சார். நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேட்பாங்க. மேற்பார்வைக்குக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

கொஞ்ச நேரம் நாதஸ்வரம் மட்டும் கேட்டுச்சு. அப்புறம், "நான் அப்ரூவலுக்குத்தானேம்மா போட்டேன். நீயே பாரு, நீயும் இன்ஜினியர்தானே"ன்னு வச்சுட்டார்.

நகராட்சியில நான் இன்ஜினியர் இல்லை. மேஸ்திரிக்குப் பாப்பா. இப்ப மட்டும் இன்ஜினியர்.

மௌலிவாக்கம் ஞாபகம் வந்துச்சு. 2014 ஜூன் 28. கட்டிக்கிட்டிருந்த 11 மாடி சரிஞ்சு 61 பேர் செத்தாங்க. நான் அப்ப சின்னப் பொண்ணு, டிவியில நாள்கணக்கா இடிபாடுகளையே காட்டினது மட்டும் நினைவிருக்கு. அத்தை வீடு அதுக்குப் பக்கத்துலகூட வராது, ஒரு சின்ன பால்கனி. ஆனா அதுக்கு நேர் கீழே தையல் கடை வாசல். பள்ளிக்கூடம் விட்டு யூனிஃபார்முக்கு அளவு கொடுக்க வர்ற பசங்க நிக்கிற இடம்.

கீழே பழைய கடைக்குப் போனேன். அத்தை மெஷின்ல உக்கார்ற சேர்ல ஒரு ஸ்பாஞ்சு குஷன் உண்டு. அதை உறையிலிருந்து உருவி எடுத்தேன். பக்கவாட்டுல தையல் சாக்பீஸால ஒரே இடைவெளியில நேர்கோடா பத்துப் பன்னெண்டு கோடு போட்டேன். மேல எடுத்துட்டுப் போய், பாதியைப் பலகையில வச்சு அழுத்திப் பிடிச்சு, மீதியை வெளியே நீட்டி, நுனியை அமுக்கினேன்.

"அண்ணே, கோட்டைப் பாருங்க. எங்க விரியுது?"

மேஸ்திரி குனிஞ்சு பார்த்தார். கோடெல்லாம் மேல்பக்கம் அகண்டு, அடிப்பக்கம் நெருங்கியிருந்தது. கம்பி கட்டுற அண்ணனும் பக்கத்துல வந்து நின்னார். மேஸ்திரி தானே ஒரு தடவை அமுக்கிப் பார்த்தார். ஒண்ணும் பேசலை. குஷனை என்கிட்ட கொடுத்துட்டு, அந்த அண்ணனைப் பார்த்து, "எத்தனை கம்பி மிச்சம் இருக்கு?"ன்னார்.

மிச்சம் இல்லை. கணக்குப் போட்டேன். 12 அடிக்கு அரையடி இடைவெளியில 25 துண்டு. ஒவ்வொண்ணும் வெளியே 3 அடி, உள்ள 5 அடி. எம்20 காங்கிரீட்ல 10 எம்.எம். கம்பி நல்லாப் பிடிக்க சுமார் 570 மில்லிமீட்டர் நீளம் போதும்னு ஃபார்முலா சொல்லுது, 5 அடி தாராளம். மொத்தம் 200 அடி. கடையில ஒரு கம்பி 40 அடி. அப்ப அஞ்சு கம்பி. ஹார்டுவேர்காரர் கடை சாத்தப் போற நேரம், அத்தை பேரைச் சொல்லி வாங்கினோம். ரெண்டாயிரத்தைந்நூறு ரூபாய்க்குள்ள முடிஞ்சது. ராத்திரி ஒன்பதரை வரைக்கும் செல்போன் வெளிச்சத்துல கட்டினாங்க. மேல் கம்பி தொய்யாம இருக்க, வளைச்ச துண்டுக் கம்பியில சேர் போட்டாங்க. அதை எப்படி வளைக்கணும்னு கம்பி கட்டுற அண்ணன்தான் எனக்குக் காட்டினார். புக்ல படம் இருக்கும், கையில வளைச்சது அன்னிக்குத்தான்.

மறுநாள் இன்னொரு பாடம். காங்கிரீட் கொட்ட ஆரம்பிச்சா இரும்புச் சட்டியோட வர்றவங்க கம்பி மேலதான் மிதிச்சு நடப்பாங்க. வேற வழி? மிதிச்சா சேர் சாயும், மேல கட்டின கம்பி அடிக்குப் போயிடும். 4 இன்ச் ஆழம் வேலை செய்ய வேண்டிய கம்பி 2 இன்ச்சுக்கு இறங்கினா பால்கனி தாங்குற சக்தி ஏறக்குறைய பாதி. அதனால நான் பால்கனி முக்குல நின்னுக்கிட்டு, "அண்ணே பலகை மேல, அக்கா பலகை மேல"ன்னு கத்திக்கிட்டே இருந்தேன். இறங்கின கம்பியைக் கொக்கியால தூக்கிவிடறது ஒரு வேலை. பதினோரு மணிக்குத் தொண்டை போச்சு. அதுக்கப்புறம் எனக்குப் பதிலா மேஸ்திரி கத்தினார்.

பால்கனிக்கு அடியில இருந்த முட்டை மட்டும் 28 நாள் எடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டு காலேஜுக்கு வந்தேன். எடுத்த அன்னிக்கு அத்தை போட்டோ அனுப்பினாங்க. இந்தத் தடவை விரல் இல்லை.

ஹாஸ்டல்ல ராத்திரி திரும்பவும் லைசென்ஸ் பத்திப் படிச்சேன், வேற கண்ணோட. அமெரிக்காவுல முதல் லைசென்ஸ் சட்டம் வந்தது நியூயார்க்ல இல்லை, வயோமிங்னு மாடு மேய்க்கிற மாநிலத்துல, 1907-ல. தண்ணி எடுக்க அனுமதி கேட்டு வந்த வரைபடங்கள்ல வக்கீல், நோட்டரின்னு யார் யாரோ இன்ஜினியர்னு கையெழுத்துப் போட்டிருந்தாங்க. அதைப் பார்த்துக் கடுப்பான மாநில இன்ஜினியர் கிளாரன்ஸ் ஜான்ஸ்டன் கொண்டு வந்த சட்டம் அது. இப்ப அங்க பொதுவான வழி, ஃபைனல் இயர்லயே எழுதக்கூடிய எஃப்.இ. பரீட்சை ஒண்ணு, அப்புறம் சுமார் 4 வருஷம் வேலை அனுபவம், அப்புறம் பி.இ. பரீட்சை. இந்த பி.இ. நம்ம பி.இ. இல்லை, புரொஃபஷனல் இன்ஜினியர். லைசென்ஸ் வாங்கினப்புறமும், தான் செய்யாத, தன் பொறுப்புல நடக்காத வேலைக்கு முத்திரை குத்தினா அது குற்றம், லைசென்ஸே போகலாம். அதைப் படிச்சப்ப டிராயர்ல இருந்து வந்த அந்த ரப்பர் ஸ்டாம்ப்தான் கண்ணு முன்னாடி வந்துச்சு.

பொங்கல் லீவுல சாரை நேர்ல பார்த்தேன். சண்டை போடத்தான் போனேன். அவர் டீ சொன்னார். ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் சொன்னார், "சைட்டுக்கு வர்றதுக்குத் தனியா ஃபீஸ்னு சொல்லிப் பார்த்தேம்மா, ஆரம்பத்துல. பக்கத்து மாடியில எல்லாம் சேர்த்து ஆறாயிரத்துக்குப் போட்டுக் கொடுத்தாங்க. ஊர்ல யாரும் இன்ஜினியரைத் தேடி வர்றதில்லை. கையெழுத்தைத் தேடி வர்றாங்க. உங்க அத்தையும் அதுக்குத்தானே வந்தாங்க?"

நானும்தான் வந்தேன். அதைச் சொல்ல வாய் வரலை.

கிளம்பும்போது நல்ல மனசோடதான் இதைச் சொன்னார்: "டிகிரி முடிச்சதும் வா. என்கிட்ட வேலை பார்த்ததா அனுபவச் சான்றிதழ் கொடுக்கிறேன். நீ வரணும்னு இல்லை. சென்னையில ஐ.டி.யில இருந்துக்கிட்டே பதிவு பண்ணிடலாம். நிறைய பேர் அப்படித்தான்."

இதைப் படிக்கிற சிவில் மக்களே, சிரிக்காதீங்க. எனக்கு ஆசை வந்துச்சு. கேம்பஸ்ல ஒரு ஐ.டி. கம்பெனி ஆஃபர் கையில இருக்கு, வீட்ல அதைத்தான் எதிர்பார்க்கிறாங்க, எஜுகேஷன் லோன் இருக்கு. சம்பளமும் வரும், ஸ்டாம்பும் வரும். அத்தை கேட்ட ஸ்டாம்பு.

மாடிப்படி வரைக்கும் இறங்கிட்டுத் திரும்ப ஏறிப் போனேன். "சார், சான்றிதழ் இருக்கட்டும். நீங்க சைட்டுக்குப் போனா நான் கூட வரட்டுமா? நிஜமாவே?"

என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சம்பளம் தர வசதியில்லைம்மா. பெட்ரோல் போடுறேன்."

"சரி சார்."

"சரின்னா என்ன? ஐ.டி.க்குப் போகலையா?"

தெரியலைன்னேன். இப்பவும் தெரியலை. அம்மாகிட்ட இன்னும் சொல்லலை, இது வெளியானா தெரிஞ்சுடும். ஆஃபரை ஏத்துக்கிட்டேன்னு கம்பெனிக்கு மெயில் போட வர்ற திங்கக்கிழமை கடைசி நாள். அதுக்கு முந்தின சனிக்கிழமை பஸ் ஸ்டாண்டு பின்னாடி ஒரு வீட்டுக்குக் கூரை காங்கிரீட், சார் கையெழுத்துப் போட்ட வீடு. "ஏழு மணிக்கு வந்துடு, நானும் வர்றேன்"ன்னு நேத்து போன் பண்ணினார். அத்தை வீட்டு மேஸ்திரிதான் அங்கயும் வேலை பார்க்கிறாராம். வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டாச்சு.